ஒன்றரை அடி வேலு

மலாக்காவில் சூரியனை இருபது நிமிடம் முன்னதாக மறைய வைத்த மனிதர் ஒருவர்தான். அதற்கு அவருக்கு ஒரு கத்தரிக்கோலும் ஒரு பசைப் புட்டியும் போதுமானதாக இருந்தன.

காரணம் எளியது. காஜா பேராங் கொட்டகையில் பகல் காட்சி மூன்று மணிக்குத் தொடங்கும். செங் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கடைசி பஸ் ஆறு மணிக்குப் புறப்பட்டுவிடும். மதராஸிலிருந்து கப்பலேறி வந்த படங்களோ மூன்றேகால் மணி நேரத்துக்குக் குறைந்து முடிவதில்லை. வேறு யாராக இருந்தாலும் பஸ்காரரிடம் பேசிப் பார்த்திருப்பார்கள். எங்கள் ஆப்பரேட்டர் சூரியனிடம் பேசினார்.

கதாநாயகி விடிகாலையில் கோலம் போடக் குனிவாள். நிமிரும்போது விளக்கு வைக்கிற நேரமாகியிருக்கும். நடுவே இருந்த சமையல், மாமியார் ஏச்சு, ஒரு முழு நீளப் பாட்டு எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் சுருண்டு கிடக்கும். குனிகிற முதுகு அங்கே, நிமிர்கிற முதுகு இங்கே. இரண்டும் ஒரே வளைவில் சந்திக்கும்படி வெட்டியிருப்பார். ஒட்டு எவர் கண்ணுக்கும் தெரியாது. பெஞ்சிலிருந்து ஒரு குரல் மட்டும் வரும்.

"ஒரு கோலம் போட ஒரு நாளா? இவளக் கட்டுனவன் பாவம்லா!"

அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும் தெரியும். ஊருக்கு அவர் பிசாங். மலாயில் வாழைப்பழம். பிலிம் ஒட்டுகிற பசைக்கு நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தின் மணம். அவர் சட்டையில், மீசையில், பீடியில்கூட அந்த மணம் ஏறியிருந்தது. அவர் பஸ்ஸில் ஏறினால் பின்னால் இருப்பவர்கள் தங்கள் கூடையைத் திறந்து பழம் நசுங்கிவிட்டதா என்று பார்ப்பார்கள். முதலில் கேலிக்கு வைத்த பெயர்தான். பிறகு, "பிசாங் அண்ணே" என்று கூப்பிட்டால்தான் திரும்பினார்.

நான் அந்தக் கொட்டகைக்கு நோட்டீஸ் எழுதுகிறவனாக இருந்தேன். இருபத்திரண்டு வயது, உவமை இல்லாமல் ஒரு வரி எழுதத் தெரியாத வயது. 'பன்னிரண்டு தேன் சொட்டும் பாடல்கள்!' என்று நான் எழுதுவேன். கொட்டகையில் ஏழு சொட்டும். 'நெஞ்சைப் பிழியும் ரயில் பயணக் காட்சி!' என்று எழுதுவேன். கதாநாயகன் "நான் பட்டணம் போறேம்மா" என்பான். அடுத்த கணம் பட்டணத்தில் யாரிடமோ அறை வாங்கிக்கொண்டிருப்பான்.

மாடிப்படியேறிப் போய்ச் சண்டை பிடித்தேன்.

"ரயில் எங்கண்ணே?"

"ஏறினானா?"

"ஏறினான்."

"எறங்கினானா?"

"எறங்கினான்."

"நடுவுல அவன் தூங்குறதுக்கு நாம எதுக்குலா முழிச்சிருக்கணும்?"

அவருக்கு நேரம் என்பது மணிக்கணக்கு இல்லை, அடிக்கணக்கு. தொண்ணூறு அடி பிலிம் ஓடினால் ஒரு நிமிடம். "இருங்க, நூத்தம்பது அடில வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கக்கூஸுக்குப் போவார். தேநீர் ஆறுவதற்கு இருநூறு அடி. கோபம் தணிய ஒரு ரீல். யாராவது கதையை இழுத்தால், இரண்டு விரல்களைக் கத்தரிக்கோல் மாதிரி விரித்து அவர்கள் மூக்குக்கு முன்னால் மூடுவார். பஸ் ஸ்டாண்டில் ஒரு கங்காணி தன் குடலிறக்க ஆபரேஷனை விரிவாகச் சொல்லத் தொடங்கினார். விரல்கள் மூடின.

"ஆஸ்பத்திரிக் கதவத் தட்டுனீங்க. அடுத்து, வீட்டுல உக்காந்து கஞ்சி குடிக்கிறீங்க. போதும். ஜனங்களுக்குப் புரியும்."

கங்காணி பிழைத்து வந்ததற்காக அன்றுதான் முதன்முறையாக வருத்தப்பட்டிருப்பார்.

ஆனால் பிசாங் வெறுமனே வெட்டுகிறவர் இல்லை. வெட்டுகிற கை எந்தத் தையல்கடையிலும் உண்டு. இவர் எதிரும் புதிருமாக இருந்ததைப் பக்கத்தில் உட்கார வைப்பார். ஒரு படத்தில் தாய் கோவிலில் மணி அடிக்கிறாள். பத்து நிமிடம் கழித்து, அவளுக்குச் சம்பந்தமில்லாமல், மகன் துறைமுகத்தில் சண்டை போடுகிறான். பிசாங் இரண்டையும் துண்டு துண்டாக நறுக்கி மாற்றி மாற்றி ஒட்டினார். தாய் மணியை இழுக்கிறாள். வில்லன் தாடையில் குத்து விழுகிறது. மறுபடி மணி, மறுபடி குத்து. கோவிலும் துறைமுகமும் ஒரே தெருவுக்கு வந்துவிட்டன. மூன்றாவது மணிக்குக் கொட்டகையே எழுந்து நின்று, "அடிம்மா! அடிம்மா!" என்று கத்தியது.

இந்தக் கலைக்கு ஒரு பரிசோதகர் இருந்தார். கேட்டில் டிக்கெட் கிழிக்கும் பிள்ளை என்பவர். மலாக்காவில் பல தலைமுறையாக வேரூன்றிய செட்டிகளின் கம்போங்காரர், அதாவது அவர்கள் கிராமத்துக்காரர்; நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், நாக்கில் மலாய். தமிழில் அவருக்குச் சாமி பெயர்களும் பலகாரப் பெயர்களும் தெரியும். அதற்குமேல் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் ஒரு தமிழ்ப் படத்தைக்கூட விடமாட்டார். வசனம் புரியாத மனிதருக்குக் கதை புரிந்துவிட்டால் வெட்டு சரி என்பது பிசாங்கின் சித்தாந்தம். காலையில் ஆளில்லாத கொட்டகையில் பிள்ளையை உட்கார வைத்து ஓட்டிக் காட்டுவார். திரையில் யாராவது எங்கேயாவது பார்த்தால் போதும், பிள்ளை கேட்பார்:

"தியா தெங்கோ சியாப்பா?"

அவள் யாரைப் பார்க்கிறாள்? அந்தக் கேள்விக்கு அடுத்த துண்டு பதில் சொல்ல வேண்டும். சொன்னால் பிள்ளை, "பாகூஸ்" என்று தொடையில் தட்டுவார். சொல்லாவிட்டால் பிசாங் அன்று சாப்பிடமாட்டார்.

*

லெட்சுமியக்காவைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். கொட்டகை வாசலில் கச்சாங் பூத்தே விற்பவர். வறுத்த கடலை, பட்டாணி, முறுக்குத் துண்டு எல்லாம் காகிதக் கூம்பில் சுற்றிக் கொடுப்பார். அவர் கணவர் வேலு, காஜா பேராங்கின் மிக அழகான ஆண். இது வேலுவே சொன்ன தகவல். கொட்டகை வாசலில் நடிகர் படங்கள் வைத்த கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று தலை சீவுவது அவர் தொழில் என்றே பலர் நினைத்திருந்தார்கள். ஒரு நாள், மதராஸுக்குப் போய்ப் படத்தில் நடிக்கப்போவதாக அறிவித்தார். அக்கா கடலையைக் கிளறிக்கொண்டே, "அந்த மூஞ்சிய டிக்கெட் வாங்கி எவன்யா பாப்பான்?" என்று சிரித்துவிட்டார். வாசலில் நின்ற நாங்களும் சிரித்துவிட்டோம்.

வேலு சீப்பைப் பாக்கெட்டில் போட்டார். நடந்தார். அவ்வளவுதான். இரண்டு வருடம் கடிதம் இல்லை, தகவல் இல்லை. மதராஸில் இருக்கிறார் என்றார்கள், பினாங்கில் லாரி ஓட்டுகிறார் என்றார்கள். அக்கா வியாபாரம் இல்லாத வேளையில் பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை மட்டும் என்னிடம், "சிரிச்சது தப்புதான் தம்பி. ஆனா அதச் சொல்றதுக்கு ஆளு வேணுமே" என்றார்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம் அது. நாடெங்கும் திடல்களில் கூட்டம். அந்தக் கூட்டங்களெல்லாம் பத்து நிமிடச் செய்திப்படமாகி, பெரிய படத்துக்கு முன்னால் ஓடும். கொடிகள், பேண்டு வாத்தியம், கடலலை மாதிரி தலைகள். ஒரு சனிக்கிழமை அந்தத் தலைகளில் ஒன்று திரும்பியது. சரியாக ஒரு விநாடி. பெஞ்சில் எவனோ அலறினான்.

"டேய்! நம்ம வேலுடா!"

கொட்டகை இரண்டாகப் பிளந்தது. வேலுதான் என்றார்கள். வேலுவின் மூக்கு அப்படியில்லை என்றார்கள். பிசாங் ரீலைப் பின்னால் சுற்றி மூன்று தடவை ஓட்டினார். சண்டை முற்றியதே தவிரத் தீரவில்லை. வாசலிலிருந்து அக்காவை இழுத்து வந்தார்கள். அவர் கடலைத் தட்டோடு நின்று பார்த்தார்.

"தெரியலயே. கண்ணச் சிமிட்டுறதுக்குள்ள போயிடுச்சே" என்றார்.

மேலே, படம் விழுகிற ஓட்டை வழியாக, பிசாங் அந்த முகத்தைப் பார்த்தபடி இருந்தார். திரையில் இருந்த முகத்தை இல்லை, அக்காவின் முகத்தை.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார். செய்திப்படத்திலிருந்து ஆறு அடி வெட்டி, தலையையும் வாலையும் ஒட்டி வளையமாக்கியிருந்தார். வளையம் தொய்யாமல் இருக்க நான் துடைப்பக்கட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கீழே முதல் பெஞ்சில் அக்கா தனியாக உட்கார்ந்தார். கதவருகே பிள்ளை.

இயந்திரம் ஓடியது. தலைவர் கையை உயர்த்துகிறார். அந்த மனிதர் திரும்புகிறார். கொடி ஆடுகிறது. தலைவர் கையை உயர்த்துகிறார். அந்த மனிதர் திரும்புகிறார். கொடி ஆடுகிறது. உலகத்தில் நடந்து முடிந்துபோன ஒரு விநாடி, போக மாட்டேன் என்று சுற்றிச் சுற்றி வந்தது. காற்று அதே முடியைக் கலைத்தது. அதே பறவை வானத்தின் அதே மூலையில் ஏறி, ஏறின இடத்திலேயே மறுபடி ஏறியது. துடைப்பக்கட்டை பிடித்த என் கை மரத்துப்போனது. எனக்கு மட்டும்தான் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

நாற்பது தடவைக்கு மேல் பார்த்துவிட்டு அக்கா எழுந்தார். "இருக்கலாம்" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

ஊருக்கு அது போதும். வேலுவேதான் என்று முடிவாயிற்று.

*

பிசாங்குக்குப் போதவில்லை. அந்த வாரம் ஓடிய படத்தில் ஒரு காட்சி: கணவனைப் பிரிந்த நாயகி ஜன்னலருகே நின்று தெருவைப் பார்க்கிறாள். பார்க்கிறாள், பார்க்கிறாள், தெருவில் நாய்கூட இல்லை. பிசாங் காலித் தெருவை எடுத்துப் பிஸ்கட் டின்னில் போட்டார். அந்த இடத்தில் ஒன்றரை அடி வேலுவை ஒட்டினார். பிள்ளையைக் கூப்பிட்டார்.

பிள்ளை பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். இருவரும் எதையோ பார்க்கிறார்கள் என்றார் மலாயில், பஸ் வருகிறதா?

உண்மைதான். நாயகியும் வலது பக்கம் பார்த்தாள், இவரும் வலது பக்கம் பார்த்தார். பஸ்ஸுக்கு வரிசையில் நிற்பது போலத்தான் இருந்தது. பிசாங் அன்று சாப்பிடவில்லை. சாயங்காலம் துண்டைப் பிரித்து, பிலிமை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி ஒட்டினார். இப்போது அந்த மனிதர் இடது பக்கம் திரும்பினார். அவள் வலது பக்கம், அவர் இடது பக்கம். மதராஸ் ஸ்டூடியோவில் கட்டிய ஜன்னலுக்கும் மலாயாத் திடலுக்கும் நடுவிலிருந்த கடல் வற்றிப்போனது. இருவரும் ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த துண்டில் நாயகி சிரித்தாள். அது முன்பு எதற்கோ சிரித்த சிரிப்பு, இப்போது வேலுவுக்காகிவிட்டது.

"லாக்கி தியா!" என்று பிள்ளை துள்ளினார். அவள் புருஷன்! "பாகூஸ்! பாகூஸ்!"

பிலிமைத் திருப்பிப் போட்டதில் இரண்டு குறைகள் நேர்ந்தன. சட்டைப் பாக்கெட் வலது பக்கத்துக்குப் போய்விட்டது. பிலிமின் ஒலிக்கோடு மறு ஓரத்துக்குப் போனதால், ஒலிபெருக்கியில் அந்த ஒரு விநாடி 'கர்ர்' என்று சத்தம் வந்தது. தோட்டத்து ஜனங்கள் இரண்டையும் மன்னித்தார்கள். பாக்கெட், மதராஸ் தையல்காரனின் புது மோஸ்தர். 'கர்ர்', வேலுவின் தொண்டை. பாவம், அழுகையை அடக்குகிறார்.

அதன்பிறகு என்ன நடந்தது என்று கேளுங்கள். வேலு நடித்துவிட்டார் என்ற செய்தி செங் பஸ்ஸில் ஏறியது. மீன்கூடையோடு கிளேபாங்குக்கு நடந்தது. ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் கோவில் வாசலுக்கும் மசூதி வாசலுக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தது. நாயகிக்கு ஜோடியாமே! முதலாளிக்கு வெட்டு பற்றி எதுவும் தெரியாது. கூட்டத்தைப் பார்த்து, "நல்ல படம்லா" என்று மகிழ்ந்தார். நான் வெட்கமில்லாமல் நோட்டீஸில் ஒரு வரி சேர்த்தேன்: 'மற்றும் நமது காஜா பேராங் வேலு!'

"வேலு எங்கயிருந்தாலும் காதுக்குப் போவும்" என்றார் பிசாங். "தன்னப் பத்தின சேதின்னா அவன் காது நல்லாவே கேக்கும்."

"போவாட்டி?"

அவர் நாள்காட்டியைத் திரும்பிப் பார்த்தார். வியாழக்கிழமை பகல் காட்சிதான் கடைசி. அதற்குப் பிறகு ரீல் பெட்டி சிங்கப்பூருக்குத் திரும்ப வேண்டும், பிஸ்கட் டின்னில் இருந்த ஒவ்வொரு அடியும் அதனதன் இடத்துக்குப் போக வேண்டும், வேலு போய்விடுவார். திங்கள், செவ்வாய், புதன். ஒவ்வொரு காட்சிக்கும் அக்கா உள்ளே வந்து அந்த ஒரு விநாடியைப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போனார். வாசலில் நின்று பஸ்ஸைப் பார்த்தார். புதன்கிழமை பிசாங் நாலு கிளாஸ் தேநீரை ஆறவிட்டார்.

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் கண்ணாடி, தலை நிறைய எண்ணெயோடு ஒரு மனிதர் கேட்டுக்கு வந்தார். உள்ளே போகக் காலை வைத்தார். பிள்ளை குறுக்கே கையை நீட்டினார். பிள்ளை எங்கள் கொட்டகைக்கு வந்து ஆறு மாதம்தான். வேலுவை நேரில் கண்டவர் இல்லை.

"நான் நடிச்ச படத்துக்கு எனக்கே டிக்கெட்டா?" என்றார் வந்தவர். மலாயிலும் ஒரு முறை சொன்னார். கண்ணாடியைக் கழற்றி முகத்தைக் காட்டினார்.

பிள்ளை நாலைந்து நாளாக வேலுவின் முகத்தை மனப்பாடம் செய்திருந்தார். வந்தவரை வலமிருந்தும் இடமிருந்தும் பார்த்தார். சட்டைப் பாக்கெட்டைப் பார்த்தார். அது இடது பக்கம் இருந்தது.

"புக்கான் தியா" என்று தீர்ப்புச் சொன்னார். இது அவர் இல்லை.

காஜா பேராங் வேலு டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் காஜா பேராங் வேலுவைப் பார்க்கப் போனார்.

அக்கா அப்போது உள்ளே நடைபாதையில் கடலை விற்றுக்கொண்டிருந்தார். இருட்டில் யார் வந்தார், எங்கே உட்கார்ந்தார் என்று அவருக்குத் தெரியாது. ஜன்னல் காட்சி வந்தது. நாயகி பார்த்தாள். அந்த மனிதர் திரும்பினார். கொட்டகை விசிலடித்தது. நடு பெஞ்சில் ஒரு வெள்ளைக் கால்சட்டை எழுந்து நின்றது.

"டேய்! அது நான் இல்லடா!"

"உக்காருடா!" என்று பின்னாலிருந்து நாலு பேர் கத்தினார்கள். "வேலு மறைக்குது!"

"நான்தான்டா வேலு!"

"நீ வேலுன்னா திரையில இருக்கிறவன் யாரு, உங்கப்பனா? உக்காரு!"

நடைபாதையில் கடலைத் தட்டு விழுந்தது. பட்டாணிகள் சிமெண்டுத் தரையில் உருண்டோடும் சத்தம் திரைவரை கேட்டது.

"எங்கய்யா போனே?"

வேலு அந்தக் குரலுக்கு மட்டும் உட்கார்ந்தார்.

"கிளேபாங்குக்கு."

"எங்கே?"

"கிளேபாங்குலதான் இருந்தேன். காப்பிக்கடைல மீன் பொரிக்கிறேன்."

"ரெண்டு வருஷமா? கிளேபாங்குலயா? பஸ்ல இருவது நிமிஷம்யா அது! நான் மதராஸ் கப்பலுக்கு வழி கேட்டுக்கிட்டிருக்கேன்!"

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. இயந்திரம் நின்றது. விளக்குகள் எரிந்தன. கங்காணியின் குடலைக்கூட முழுதாகக் கேட்கப் பொறுமையில்லாத மனிதர், மேலே ஓட்டை வழியாகத் தலையை நீட்டி, அந்தச் சண்டையைத் தொடக்கம் முதல் கேட்டார். அக்கா ஏசினார். வேலு, "நீ சிரிச்சியே" என்றார். அக்கா அதற்கும் ஏசினார். பிறகு, சத்தம் இறங்கி, "சிரிச்சது தப்புதான்" என்றார். வேலு மூக்கை உறிஞ்சினார். "நீயாச்சும் வந்திருக்கலாம்ல?" என்றார். "எங்கன்னு வர்றது?" என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. செங் பஸ் போய்விட்டிருக்கும் என்று யாரோ முனகினார்கள். பஸ் டிரைவரே மூன்றாவது பெஞ்சில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அக்காவிடம் கேட்டேன். "அன்னிக்குச் சுத்திச் சுத்திப் பாத்தீங்களே, அது அவரு இல்லன்னு தெரியலயாக்கா?"

"மூணாவது சுத்துலயே தெரிஞ்சுபோச்சு" என்றார் கடலையைக் கிளறியபடி. "அந்த ஆளு திரும்புறப்ப பக்கத்துல நின்னவருக்கு எடம் விட்டு ஒதுங்குனான். எங்க ஊட்டுக்காரர் எவனுக்கு ஒதுங்கியிருக்காரு?"

"அப்ப ஏன் சொல்லல?"

"ரெண்டு வருஷமா அந்தப் பேர நான் ஒருத்திதான் மனசுல சொல்லிக்கிட்டிருந்தேன். திடீர்னு ஊரே சொல்லிச்சு. எப்படித் தம்பி வேணாம்னு சொல்றது?"

மாடிக்கு ஓடினேன். பிசாங் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து வைத்து, ஆள் இல்லாத தெருவை அதன் இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க அக்கா சொன்னதைச் சொன்னேன். விரல்களைக்கூட மூடாமல் முழுவதும் கேட்டார்.

"எனக்கும் தெரியும்லா" என்றார். "பூதக்கண்ணாடில பாத்தேனே. தலை கலைஞ்சு கெடந்துச்சு. வேலு காத்தடிச்சா வெளியவே வர மாட்டான்."

"தெரிஞ்சேவா ஒட்டுனீங்க?"

மேசையில் அந்த ஒன்றரை அடி தனியாகக் கிடந்தது. எந்த ஊரோ, என்ன பெயரோ. யாரோ கூப்பிட்ட குரலுக்குத் திரும்பியவர், மலாக்காவில் நாலைந்து நாள் தான் ஒரு பெண்ணின் கணவனாக இருந்தது தெரியாமல் எங்கேயோ சோறு தின்றுகொண்டிருப்பார். பிசாங் அதைச் சட்டையால் துடைத்தார். திருப்பி, வலது பக்கம் பார்க்கவைத்து, செய்திப்படத்தின் கூட்டத்துக்குள் பத்திரமாகச் சேர்த்தார்.

"லெட்சுமி ரெண்டு வருஷமா வாசல்ல பாத்துக்கிட்டே நிக்கிது, தம்பி" என்றார். "எதிர்ல ஒரு ஆள வைக்க வேணாமா?"

சொல்லிவிட்டு ரீலைச் சுற்றத் தொடங்கினார். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. அச்சகத்தில் நோட்டீஸ் காத்திருந்தது. ஆனாலும் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்; அந்தப் பெட்டி கட்டி முடிகிறவரை எழுந்திருக்க மனம் வரவில்லை.